அரசர் அனுப்பாத தூது

சமாதானத்தையே தொழிலாகக் கொண்ட ஒரு வகுப்பார் ஐரோப்பாவில் தோன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். அதற்கு முன்னால் சமாதானம் பேசுவது அரசர்களுக்கும் அவர்களுடைய மந்திரிகளுக்குமே உரிய காரியம்; யுத்தத்தைத் தொடங்கியவன் எவனோ அவனே அதை முடிக்கவும் வேண்டும் என்பது, எங்கும் எழுதிவைக்கப்படாவிட்டாலும் பெரும்பாலும் மீறப்படாத மரபாக இருந்தது. 1889இல் பிரெடெரிக் பாஸ்ஸி என்ற பிரெஞ்சுப் பொருளாதார அறிஞரும், இளமையில் தச்சு வேலை செய்து பிழைத்துப் பின்னர் பார்லிமெண்டுக்குப் போன வில்லியம் ராண்டல் கிரெமர் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து, பல தேசத்துச் சட்டசபை அங்கத்தினர்களைப் பாரிஸில் ஒன்றுகூட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்விட்ஸர்லாந்தின் தலைநகரான பெர்னில் சர்வதேச சமாதானக் காரியாலயம் திறக்கப்பட்டது. ரயில்வே கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்துவந்த எலி டூகொம்மன், ஒரு காசு சம்பளம் வாங்காமல் அதன் காரியதரிசியாக உழைத்தார். ஊர்தோறும் முளைத்திருந்த சமாதானச் சங்கங்களுக்கிடையே கடிதப் போக்குவரத்து நடத்துவதும், மகாநாடுகளுக்கு ஏற்பாடு செய்வதும், அங்கே நிறைவேறிய தீர்மானங்களை அச்சிட்டு அனுப்புவதுமே அந்தக் காரியாலயத்தின் அன்றாட வேலை. 1910இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1913 ஆகஸ்டில், கோடீசுவரரான கார்னெகியின் பொருளுதவியால், ஹாலந்தின் ஹேக் நகரத்தில் சமாதான மாளிகை எழும்பியபோது, இனித் தேசங்கள் தம் வழக்குகளைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோகாமல் நீதிபதிகளிடம் கொண்டுவரும் என்று நம்பியவர்கள் அசட்டு மனிதர்கள் அல்லர். அந்தக் காலத்தின் தேர்ந்த சட்ட நிபுணர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

இத்தனை ஏற்பாடுகளும் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இந்த இயக்கத்தின் தாய் என்று போற்றப்பட்ட பெர்தா வான் சுட்னர் அம்மையார், 1914 ஜூன் 21ஆம் தேதி, ஸராஜிவோவில் துப்பாக்கி வெடிப்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு காலமானார். அவ்வாண்டு வியன்னாவில் கூடவிருந்த மகாநாடு கூடவே இல்லை. 1915 ஜனவரியில் பெர்ன் காரியாலயத்தின் நிர்வாக சபை எப்படியோ கூடியபோது, ஜெர்மனி பெல்ஜியத்தின் நடுநிலைமையை மீறியதைக் கண்டிப்பதா, வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. அத்துடன் சபை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. காரியாலயத்தின் தலைவரான ஹென்றி லா போன்டேன் தாமே பெல்ஜியக்காரர், அந்நியப் படைகள் புகுந்ததால் நாட்டை விட்டு வெளியேறியவர். அவருக்கு எதிரே உட்கார்ந்து, குற்றம் யாருடையது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பெர்ன்காரர்களைப் பரிகசிப்பது சுலபம், நியாயம் ஆகாது. ஆனால் இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கட்டிய உறவு ஒரே கேள்வியில் அறுந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அதே மாதங்களில், அறுபது வயதைத் தொட்டிருந்த ஒரு டச்சு வைத்தியர் ஆம்ஸ்டர்டாமில் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். ஹாலந்தில் முதன்முதலில் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று பட்டம் பெற்ற பெண்மணியான அலெட்டா யாகோப்ஸ் அவர். 1904இல் பெர்லினில் தோன்றிய சர்வதேசப் பெண் வாக்குரிமைச் சங்கத்தின் அடுத்த மகாநாடு 1915 ஜூனில் அந்நகரத்திலேயே கூடுவதாக இருந்தது. யுத்தம் மூண்டதும் ஜெர்மன் மாதர்கள் அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பெர்லினில் கூடாவிட்டால் என்ன, நடுநிலை நாடான ஹாலந்தில் கூடலாமே என்பது யாகோப்ஸின் யோசனை. சங்கத் தலைவியான அமெரிக்க அம்மையார் காரி சாப்மன் காட் இதற்கு இசையவில்லை. வாக்குரிமைக்காகச் சேர்ந்தவர்களைச் சமாதானத்தின் பெயரால் பிளக்கலாகாது என்பது அவர் கருத்து. ஆகவே சங்கத்தின் பெயரை விடுத்து, தனித் தனி ஆட்களுக்கும் ஸ்தாபனங்களுக்கும் அழைப்பு அனுப்பலாம் என்று முடிவாயிற்று. இங்கேதான் பெர்னுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இருந்த வேறுபாடு புலப்படுகிறது. பெர்ன்காரர்களைச் சேர்த்துவைத்தது சமாதானம் என்ற கொள்கை. கொள்கை குலைந்ததும் உறவும் குலைந்தது. இந்த மாதர்களைச் சேர்த்துவைத்ததோ வேறொரு வேலை. பத்தாண்டுக் காலமாக வாக்குரிமைக்காக ஒரே மேடையில் பேசி, ஒருவர் வீட்டில் மற்றவர் தங்கி, ஒருவர் வசைமொழி வாங்கினால் மற்றவர் பத்திரிகையில் பதில் எழுதிப் பழகியவர்கள் அவர்கள். யுத்தம் நடக்கும்போதே, லண்டனில் மேரி ஷீப்ஷாங்க்ஸ் அம்மையார் நடத்திய அச்சங்கத்தின் மாதப் பத்திரிகை இரு பக்கத்துத் தேசங்களின் செய்திகளையும் அச்சிட்டுவந்தது. எதிரி நாட்டின் விலாசம் ஒருத்தியின் பெட்டியில் இருப்பதே தேசத் துரோகம் என்று கருதப்பட்ட நாளில், அந்த விலாசப் புத்தகங்கள் மட்டும் கிழிபடாமல் இருந்தன.

1915 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் பிரிட்டிஷ், ஜெர்மன், பெல்ஜிய, டச்சு மாதர்கள் சிலர் கூடி, மகாநாட்டை ஹேக் நகரத்தில் நடத்த ஏற்பாடுகளைச் செய்தார்கள். தலைமை வகிக்க, சிக்காகோ நகரத்து ஏழைகளிடையே ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தை இருபத்தைந்து ஆண்டுகளாக நடத்திவந்த ஜேன் ஆடம்ஸை அழைப்பது என்று தீர்மானித்தார்கள். அமெரிக்கா அப்போது யுத்தத்தில் சேரவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். பிரதிநிதியாக வர விரும்புகிறவர் இரண்டு விஷயங்களை ஒப்புக்கொண்டால் போதும்: தேசங்களுக்கிடையே எழும் வழக்குகள் சமாதான முறையில் தீர்க்கப்பட வேண்டும், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும். இவற்றோடு மகாநாட்டு விதிகளில் இன்னொன்றும் எழுதப்பட்டது. இந்த யுத்தத்துக்கு எந்தத் தேசம் எவ்வளவு பொறுப்பு என்பதையோ, இனி யுத்தங்களை எந்த முறையில் நடத்த வேண்டும் என்பதையோ யாரும் விவாதிக்கக் கூடாது.

இந்த விதியைப் பற்றிச் சற்று நிதானமாகவே பேச வேண்டும்; என் அபிப்பிராயத்தில் அந்த மகாநாட்டின் இருபது தீர்மானங்களையும்விட இதுவே முக்கியமானது. பெர்னில் சபையைப் பிளந்த கேள்வியை இவர்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று மத்தியஸ்தத்தைப் படிப்பாகப் படித்துத் தொழிலாகச் செய்கிறவர்கள், வழக்காளிகள் இருவரும் உட்காரக்கூடிய ஓர் அறையை முதலில் உண்டாக்க வேண்டும் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். ஆனால் விதியின் பாரம் எல்லோர் தோளிலும் ஒரே அளவாகவா விழுந்தது? நியூயார்க்கிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் வந்தவர்களுக்கு அதற்குக் கட்டுப்படுவது ஒரு கஷ்டமும் இல்லை. ஊர் எரிந்துபோன பெல்ஜியப் பெண்ணுக்கும், தன் நாட்டின் வடபகுதியில் பகைவன் பாளையம் இறங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சுப் பெண்ணுக்கும், அது தன் வாயைக் கட்டிவிட்டுப் பேசச் சொல்வதுபோல் இருந்திருக்கும். பிரான்சின் பெரிய மாதர் ஸ்தாபனங்கள் வெளிப்படையாகவே அறிக்கை விட்டு வர மறுத்தன. அவர்களுடைய மறுப்பைப் பிடிவாதம் என்று எழுதிவிட்டுப் போகும் சரித்திரக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அநீதியைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும் என்பவர்க்கும், கண்டித்தால் பேச்சே நின்றுபோகும் என்பவர்க்கும் உள்ள இந்த வழக்கு, மனித உரிமைக்காக உழைப்பவர்க்கும் மத்தியஸ்தம் செய்பவர்க்கும் இடையே இன்றுவரை தீராத வழக்குத்தானே.

மகாநாட்டுக்குப் போய்ச் சேருவதே ஒரு சாகசமாக இருந்தது. பிரிட்டனிலிருந்து 180 பெண்கள் வர விண்ணப்பித்தார்கள்; அரசாங்கம் 24 பேருக்கு மட்டுமே பாஸ்போர்ட் தர இசைந்தது; அந்த 24 பேரும் டில்பரி துறைமுகத்தில் மூட்டை முடிச்சுகளோடு காத்திருந்தபோது, வட கடலில் கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டுவிட்டது. முன்கூட்டியே ஹாலந்துக்குப் போயிருந்த கிறிஸ்டல் மாக்மில்லனும் கேத்லீன் கோர்ட்னியும், அமெரிக்கர்களோடு கப்பலில் வந்த எம்மலின் பெதிக் லாரன்ஸும் ஆக மூவரே பிரிட்டனின் சார்பில் அமர்ந்தார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் நாற்பத்தேழு பேர் ஏப்ரல் 13ஆம் தேதி நூர்டாம் என்ற டச்சுக் கப்பலில் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டார்கள். வழியெல்லாம் தீர்மான வாசகங்களைத் திருத்துவதும் சர்வதேசச் சட்டம் படிப்பதுமாக வந்தவர்களை, டோவருக்கு எதிரே நாலு நாள் நங்கூரம் பாய்ச்சி நிற்கும்படி பிரிட்டிஷ் கடற்படை செய்துவிட்டது. கடைசியில் திறப்பு நாளன்றுதான் ஹேக் வந்து சேர்ந்தார்கள். ஜெர்மனியிலிருந்து 28 பேர் வந்தார்கள். பெல்ஜியத்திலிருந்து ஐந்து பெண்கள், ஆக்கிரமித்த படையினரிடமே அனுமதி பெற்று, எல்லையில் சோதனைக்கு உட்பட்டு, வழியில் ஒரு பகுதியை நடந்தே கடந்து, கூட்டம் தொடங்கிய பின் வந்து நுழைந்தார்கள். மேடையில் அவர்கள், ம்யூனிச்சிலிருந்து வந்திருந்த லீடா குஸ்டாவா ஹேமான் முதலான ஜெர்மன் மாதர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மிருகக்காட்சித் தோட்டத்துப் பெரிய மண்டபத்தில், ஏப்ரல் 28 முதல் மே 1 வரை, 12 தேசங்களிலிருந்து 1,100க்கு மேற்பட்ட பிரதிநிதிகள் கூடியிருந்தார்கள் என்று கணக்குச் சொல்லுகிறது. அவர்களில் ஆயிரம் பேருக்கு மேல் உள்ளூர் டச்சுக்காரிகள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நேர்மை.

தீர்மானங்களை விரிப்பதில் பயனில்லை. அங்கே வாழும் ஆண் பெண்களின் சம்மதமில்லாமல் எந்த நிலப்பகுதியும் கைமாறக் கூடாது, வெளிநாட்டுக் கொள்கை பிரஜைகளின் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும், நிரந்தரமான சர்வதேச நியாயஸ்தலம் வேண்டும் என்பவை அவற்றுள் சில. ஜனாதிபதி வில்சன் 1918இல் வெளியிட்ட பதினான்கு அம்சங்களைப் படிப்பவர்க்கு இவற்றின் சாயல் தெரியாமல் போகாது. எல்லாவற்றிலும் புதுமையானது, விஸ்கான்சின் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் போதித்துவந்த ஜூலியா கிரேஸ் வேல்ஸ் என்ற கனடா நாட்டு இளம் ஆசிரியை எழுதிய திட்டம். யுத்தம் நிற்கட்டும், பிறகு பேசலாம் என்று காத்திராமல், நடுநிலை நாடுகளின் அறிஞர்கள் ஓரிடத்தில் அமர்ந்து, பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருக்கும்போதே யோசனைகளைத் தயாரித்து இரு பக்கத்துக்கும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றை நிராகரித்தால் அடுத்தது. இடைவிடா மத்தியஸ்தம் என்ற இந்த எண்ணத்தை மகாநாடு ஏற்றது. ஏற்றதோடு நிற்கக் கூடாது, தீர்மானங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தலைநகரத்துக்கும் நாமே போக வேண்டும் என்று வாதாடியவர் புடாபெஸ்டைச் சேர்ந்த ரோசிகா ஷ்விம்மர். இது நடக்கிற காரியமா என்று ஐயுற்றவர்கள் மேடையிலேயே இருந்தார்கள். ஆனால் ஷ்விம்மரின் பேச்சுக்கு முன்னால் அந்த ஐயம் நிற்கவில்லை.

நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே கோவூர் கிழார் போய் நின்ற கதையை அறிந்த நமக்கு, அரசர் அனுப்பாமல் தாமாகப் போகும் தூது புதிதன்று. எனினும் அந்தப் புலவரைச் சோழர் குடி அறியும், இந்த மாதர்களையோ பெரும்பாலான மந்திரிகள் பெயர் அளவிலும் அறியார்கள். 1915 மேயிலிருந்து சில மாதங்களுக்குள் இரண்டு குழுக்கள் ஐரோப்பாவை வலம் வந்தன. ஆடம்ஸும் யாகோப்ஸும் லண்டன், பெர்லின், வியன்னா, புடாபெஸ்ட், பெர்ன், ரோம், பாரிஸ் நகரங்களுக்குப் போய், நாடு இழந்த பெல்ஜிய அரசாங்கம் தங்கியிருந்த லெ ஹாவ்ருக்கும் போனார்கள். ரோமில் போப்பாண்டவரையும் கண்டார்கள். அமெரிக்கரான எமிலி பால்ச், மாக்மில்லன், ஷ்விம்மர் முதலானோர் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குப் போனார்கள். அங்கிருந்து ரஷ்யாவின் பெட்ரோகிராடுக்குப் போகையில், எதிரி நாட்டுப் பிரஜையான ஷ்விம்மர் பின்தங்க நேர்ந்தது.

பெர்லினில் அவர்கள் கண்ட பிரதம மந்திரி பெத்மான் ஹோல்வெக், மூத்த மகனைப் போர்க்களத்தில் பறிகொடுத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. வியன்னாவில் ஆஸ்திரியப் பிரதமர் ஸ்டூர்க் பிரபுவிடம், பெண்கள் இப்படி ஊர் ஊராகப் போவது தங்களுக்கு அசட்டுத்தனமாகத் தோன்றலாம் என்று ஆடம்ஸ் சற்றுக் கூச்சத்தோடு ஆரம்பித்தார். பிரதமர் மேஜையைக் குத்தி, அசட்டுத்தனமா, பத்து மாதங்களில் இந்த அறைக்குள் கேட்ட முதல் அறிவுள்ள பேச்சு இதுதான் என்ற பொருள்பட மறுமொழி சொன்னாராம். தம்மைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஆளும் ஆயுதமும் பணமும் கேட்கிறார்களே தவிர, யுத்தத்துக்குப் பதிலாகப் பேச்சு வார்த்தை நடத்தலாம் என்று யாரும் சொன்னதில்லை என்றும் கூறினாராம். அடுத்த ஆண்டு அக்டோபரில், யுத்தத்தை வெறுத்த ஒரு சோஷலிஸ்ட், ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே பிரதமரைச் சுட்டுக் கொன்றான். இப்படிப்பட்ட முரண்களுக்குச் சரித்திரத்தில் பஞ்சமே இல்லை.

தலைநகரம் மாறினாலும் பதில் மாறவில்லை. நாங்களாகச் சமாதானம் கேட்டால் பலவீனம் என்று எதிரி நினைப்பான். நடுநிலை நாடுகள் முன்வந்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நடுநிலை நாடுகளோ, யுத்தம் செய்கிறவர்கள் ஒரு குறிப்புக் காட்டட்டும் என்று காத்திருந்தன. இரு பக்கத்திலும் ஆளுக்கு ஓர் அரசாங்கமாவது எதிர்க்காது என்பதற்கு அத்தாட்சி கொண்டுவந்தால் தாம் மகாநாடு கூட்டத் தயார் என்று ஸ்வீடனின் வெளிநாட்டு மந்திரி வாலன்பர்க் மட்டும் சற்றே அசைந்து கொடுத்தார். இந்தத் தயக்கங்களையெல்லாம் ஒரே சமயத்தில் அறிந்திருந்த மிகச் சிலருள் இந்தப் பெண்களும் இருந்தார்கள்.  ஆனால் அறிந்ததைச் செயலாக்கும் அதிகாரம் வாஷிங்டனில் இருந்தது. வில்சன் தீர்மானங்களைப் பாராட்டினார். மகாநாடு கூட்ட மறுத்துவிட்டார்.

ஜூலை 9ஆம் தேதி நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தில் ஆடம்ஸ் தம் யாத்திரையைப் பற்றிப் பேசினார். துப்பாக்கிச் சனியனால் குத்தச் சொல்வதற்கு முன் சிப்பாய்களுக்கு மதுவோ வேறு போதையோ கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பல நாடுகளில் கேள்விப்பட்டதை அவர் சொன்ன ஒரு வாக்கியம் போதும். வீரர்களின் தியாகத்தைக் குடிவெறி என்று இகழ்ந்துவிட்டதாகப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் அவரைக் கிழித்தன. அவ்வருட டிசம்பரில், ஷ்விம்மரின் தூண்டுதலால் மோட்டார் அதிபர் ஹென்றி போர்டு ஒரு கப்பலையே வாடகைக்கு எடுத்துச் சமாதானக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு நார்வேக்குப் போனதும், கிறிஸ்துமஸுக்கு முன்பே தாம் மட்டும் ஊருக்குப் புறப்பட்டுவிட்டதும் உலகத்துக்கே வேடிக்கையாயிற்று. அந்தக் கோஷ்டியின் முயற்சியால் ஸ்டாக்ஹோமில் நடுநிலையாளர் சபை ஒன்று 1916இல் கூடி, இடைவிடா மத்தியஸ்தத்தை அடக்கமாக நடத்திப் பார்த்ததை நினைவில் வைத்திருப்பவர் மிகச் சிலர்.

யுத்தம் முடிந்தபின், 1919 மே 12ஆம் தேதி, ஜூரிச்சில் இரண்டாம் மகாநாடு கூடியது. நாலு ஆண்டுகளுக்கு முன் கண்ட தோழிகளை மறுபடி கண்டபோது பலருக்கு அடையாளமே தெரியவில்லை. நேச தேசங்களின் முற்றுகையால் ஜெர்மன், ஆஸ்திரியப் பெண்கள் பசியில் வற்றியிருந்தார்கள். வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் ஷரத்துகள் வெளிவந்து ஐந்தே நாட்கள் ஆகியிருந்தன. அவை புதிய யுத்தத்துக்கு விதை என்று பகிரங்கமாகக் கண்டித்த முதல் சபைகளில் இதுவும் ஒன்று. ஹேக்கின் விதி இங்கே தளர்ந்ததைக் கவனிக்க வேண்டும். அப்போது வாய்மூடியிருந்தவர்கள் இப்போது வென்றவர்களின் அநீதியைப் பெயர் சொல்லியே பேசினார்கள். வந்திருந்தவர்களுள் ஒரே கறுப்பினப் பெண்ணான மேரி சர்ச் டெரல் ஜெர்மன் பாஷையிலேயே பேசி, நிறவேற்றுமை நீங்காத உலகத்தில் நிரந்தர சமாதானம் வராது என்று எடுத்துரைத்தார். பகைவர் படை பாழாக்கிய ஆர்டென் பிரதேசத்திலிருந்து ஜான் மெலான் என்ற பிரெஞ்சுப் பெண் கடைசி நாட்களில் வந்து சேர்ந்தபோது, ஹேமான் எழுந்து ரோஜாப் பூங்கொத்தை அவர் கையில் கொடுத்துக் கை பற்றினார். சபை முழுவதும் எழுந்து நின்று சமாதானத்துக்கு உழைப்பதாக உறுதி சொன்னது. சமாதானத்துக்கும் சுதந்திரத்துக்குமான சர்வதேச மாதர் சங்கம் என்று பெயர் சூட்டி, தேசங்களின் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அமையவிருந்த ஜெனிவாவுக்கே தலைமையகத்தையும் கொண்டுபோனார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் போதித்த வெல்லெஸ்லி கல்லூரியில் யுத்த எதிர்ப்பின் காரணமாக வேலையை இழந்த எமிலி பால்ச், அதன் முதல் காரியதரிசியானார். 1926இல் அமெரிக்கப் படைகளின் பிடியிலிருந்த ஹெயிட்டிக்குத் தோழர்களோடு போய் விசாரித்து, தம் அரசாங்கத்துக்கு எதிராகவே புத்தகம் வெளியிட்டார். 1931இல் ஆடம்ஸுக்கும் 1946இல் பால்ச்சுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மற்றவர்களின் கதை அவ்வளவு மங்களகரமானதல்ல. ஷ்விம்மர் அமெரிக்காவில் குடியுரிமை கேட்டார். தேசத்துக்காக ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று அந்த ஐம்பது வயது அம்மையார் சொன்னதற்காக 1929இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. 1948இல் இறக்கும்வரை அவர் எந்த நாட்டுக்கும் பிரஜையல்லர். ஹேமானும் அவருடைய தோழி அனிட்டா ஆவ்க்ஸ்பர்க்கும் 1933இல் வெளிநாட்டுப் பிரயாணத்தில் இருந்தபோது ஹிட்லர் பதவிக்கு வந்தான். அவர்கள் திரும்பிப் போகவே இல்லை. வீடும் நூலகமும் பறிமுதலாயின. ஜூரிச்சில், பழைய தோழிகளின் ஆதரவில் வாழ்ந்து, இருவரும் 1943இல் காலமானார்கள்.

ஹேக் மகாநாட்டின்போது யாகோப்ஸுக்கு வலது கையாக இருந்து காகிதங்களையெல்லாம் கவனித்துக்கொண்ட ரோசா மானுஸ் என்ற யூதப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயுதக் குறைப்பு மகாநாட்டின் முன் 1932இல் ஜெனிவாவில் எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைக் கொண்டுவந்து குவித்த ஏற்பாட்டை முன்னின்று நடத்தியவர் இவர். 1935இல் வேறு இருவரோடு சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் மாதர் இயக்கத்துக்கென்று சர்வதேச ஆவணக் களரி ஒன்றைத் தொடங்கி, முப்பது ஆண்டுக் கடிதங்களையும் அறிக்கைகளையும் அதில் சேர்த்தார். 1940 ஜூலையில் ஜெர்மானியர் அந்தக் களரியைப் பூட்டி, இருந்ததை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். மறு ஆண்டு ரோசா மானுஸ் கைதாகி, ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார், திரும்பவில்லை. ஜெர்மனி தோற்றபின் சோவியத் படைகளின் கைக்கு மாறிய அந்தக் காகிதங்கள் மாஸ்கோவில் இருப்பது 1992இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. திருப்பித் தருவதா என்று இரு அரசாங்கங்களும் பேசி முடிக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. 2003இல் அவை ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பி வந்தன.